ரெண்டு ஊத்து

புஷ்பா தன் புருஷனுக்கு இரண்டு கோழி தர வேண்டியிருந்தது. இருபத்து நான்கு வருஷமாகத் தரவில்லை. தரப்போவதும் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். இருந்தாலும் உத்தமன் விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் காதிலும் விழுகிற மாதிரி கேட்பான்.

"இன்னாமே, எனுக்கு வர வேண்டிய ரெண்டு கோழி இன்னா ஆச்சு?"

"இன்னும் முட்டையில கீது. பொரிஞ்சதும் சொல்லி அனுப்புறேன். போய்யா அந்தாண்ட."

கன்னியப்பன் சுவருக்கு அந்தப்பக்கம் பல் விளக்கிக்கொண்டே சிரிப்பான். அதோடு அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை முறைப்படி ஆரம்பித்துவிட்டதாக அர்த்தம்.

கோழி விவகாரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். உத்தமன் கை போர் போடுகிறவன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் கொரட்டூர் ஏரியைப் பார்த்து இறங்குகிற சந்துகளில் லாரி போர் நுழையாது. இவன் மூன்று இரும்புக் காலை நட்டு, கப்பி மாட்டி, நாலு ஆளோடு கயிறு இழுத்து ஐம்பது அறுபது அடி இறக்கிவிடுவான். ஊற்று திறந்து முதல் வாளித் தண்ணீர் மேலே வந்ததும் வீட்டுக்காரர் ஒரு கோழி தர வேண்டும் என்பது அவன் கூட்டத்து வழக்கம். உத்தமன் அதிலே ஒரு படி மேலே போனான். இந்தப் பக்கத்து மண்ணுக்கடியில் மணல் இரண்டு அடுக்கு. மேல் மணலில் ஒரு ஊற்று, அதன் கீழே கெட்டிக் களி, களிக்குக் கீழே பருமணலில் இன்னொரு ஊற்று. மற்றவர்கள் எதையாவது ஒன்றைப் பிடிப்பார்கள். இவன் பைப்பில் இரண்டு மட்டத்திலும் தண்ணீர் நுழையச் சின்னச் சின்னக் கீற்றாக அறுத்துவிட்டு இரண்டு தண்ணீரையும் ஒன்றாகச் சேர்த்துத் தருவான். 'ரெண்டு ஊத்து உத்தமன்' என்று பேராகிவிட்டது. ரெண்டு ஊத்து என்றால் ரெண்டு கோழி. அப்படி முப்பத்தோரு வீட்டில் போட்டிருக்கிறான், அறுபத்திரண்டு கோழி சாப்பிட்டிருக்கிறான்.

முதன்முதலில் ரெண்டு ஊத்து போட்டது சொந்த வீட்டில்தான், புஷ்பாவுக்காக. அவள் பாரிவாக்கத்துப் பெண். அங்கே கிணற்றுத் தண்ணீரை அப்படியே மொண்டு குடித்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் கோடையில் இந்த வீட்டு அடிபம்பில் ஒரு வாய் குடித்து, கொல்லையில் துப்பி, "இத்த குடிச்சிகினு இங்க குடும்பம் நடத்தணுமா" என்று கேட்டாள். உத்தமன் மறுநாள் வேலைக்குப் போகாமல் கொல்லையில் மூன்று காலை நட்டுவிட்டான். ஆறு நாள். ஏழாம் நாள் வந்த தண்ணீரை அவள் சொம்பில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டாள். அந்த இரண்டு கோழிதான் பாக்கி. கட்டின பெண்டாட்டி புருஷனுக்குக் கோழி தருகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்பது அவள் கட்சி.

அந்தத் தண்ணீரில்தான் அவள் மாவு வியாபாரம் செய்தாள். மகள் தேவிப்பிரியாவைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்றிருக்கிறதே என்று ஒரு டில்டிங் கிரைண்டரில் ஆரம்பித்தது, இரண்டாகி, காலையில் நாற்பது கிலோ வரை போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் எழும்பிய அடுக்குமாடிகளில் மதுரை, சேலம், கும்பகோணம் என்று எல்லா ஊர்க்காரர்களும் வந்து கம்ப்யூட்டர் வேலை பார்த்தார்கள். எல்லோருக்கும் இட்லி வேண்டியிருந்தது, ஆட்ட நேரமில்லை. வித்யா என்று ஒரு பெண், ஆறாவது மாடி, ஒருநாள் தண்ணீரில் உப்பை அளக்கிற பேனா மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்து புஷ்பாவின் குடத்தில் விட்டுப் பார்த்தாள்.

"டிடிஎஸ் முந்நூத்திப் பத்துதான் காட்டுது ஆன்ட்டி. எங்க அபார்ட்மென்ட் போர்ல ஆயிரத்து நானூறு."

அன்று முதல் புஷ்பா மாவு பாக்கெட்டில் முந்நூற்றிப் பத்து என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டாள். பாக்கெட்டில் உளுந்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, தண்ணீரின் எண் மட்டும். அதற்கே விற்றது.

தெருக்கோடியில் ஒரு பெரிய மதில். அதற்குள் பிளேட்டிங் கம்பெனி இருந்தது. சைக்கிள் ரிம், பைக் சைலன்சர் என்று எல்லாவற்றுக்கும் பளபளவென்று முலாம் பூசிக்கொண்டிருந்த இடம். மூடிப் பத்தொன்பது வருஷமாகிறது. முதலாளி யார், எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. கருவேலமும் எருக்கும் முளைத்து, கூரைத் தகடெல்லாம் களவு போய்க் கிடந்தது. அந்த ஆடி மாதம் மதிலில் ஒரு வாசலை உடைத்து வண்டி உள்ளே போனது. யாரோ வாங்கி ஃபிளாட் கட்டப்போகிறார்களாம். கட்டுவதற்கு முன் மண்ணையும் தண்ணீரையும் சோதித்துச் சீட்டு வாங்கவேண்டுமாம். அதற்காக வந்தவள்தான் ஆக்னஸ்.

நாற்பது வயதிருக்கும். நாகர்கோவில் பக்கம், இப்போது வானகரத்தில் குடியிருப்பு. வெயிலில் காய்ந்த முகம், தொப்பி, பெரிய பூட்ஸ். கம்பெனிக்குள் ஆறு இடத்தில் துளை போட்டு, எடுத்த மண்ணை நீளநீளமான மரப்பெட்டியில் அடி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். பிறகு தெருவில் இறங்கி நாலைந்து வீட்டுப் போரில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டாள். புஷ்பாவின் கொல்லைக்கும் வந்தாள்.

"எத்தனை அடி போர் அக்கா?"

"அம்பத்தெட்டு. எழுதிக்கோ மேடம், முந்நூத்திப் பத்து. இந்தத் தெருவுலயே நம்மள்துதான் தேனு. குடிச்சிப் பாரேன்."

ஆக்னஸ் சிரித்து, "சோதனை முடிச்சிட்டு வந்து குடிக்கேன் அக்கா" என்றாள். அப்போதே இந்தப் பெண்ணுக்குப் பேசத் தெரியவில்லை என்று புஷ்பா நினைத்துக்கொண்டாள். இட்லி நான்கு கட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

பத்து நாள் கழித்து ஆக்னஸ் மறுபடி வந்தாள். வியாழக்கிழமை, பதினோரு மணி. புஷ்பா அரிசி களைந்துகொண்டிருந்தாள். உத்தமன் வேலையில்லாத நாள், கயிற்றுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அரிசியை அப்படியே வைங்க. இந்தத் தண்ணி வேண்டாம்."

புஷ்பா கையை எடுக்கவில்லை.

"குரோமியம் இருக்கு. முலாம் பூசுற மருந்து. இருக்கலாம்னு சொல்லியிருக்கிற அளவைவிடக் கொஞ்சம் கூட. ரொம்ப இல்லை, ஆனா கூடத்தான். பக்கத்து வீட்டுல எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு."

"முந்நூத்திப் பத்து மேடம்."

"அது உப்புக் கணக்கு அக்கா. இது அதுல தெரியாது."

ஆக்னஸ் கையோடு ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். கம்பெனிக்குள் இருபது அடியில் எடுத்த தண்ணீர். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். மஞ்சளாக இருந்தது. கோயிலில் ஊற்றுகிற மஞ்சத்தண்ணி அளவுக்குப் பளிச்சென்று இருந்தது. கம்பெனி இருந்த காலமெல்லாம் கழிவைத் தரையில் ஒரு குழியில் விட்டிருக்கிறார்கள், அது மேல் மணலில் இறங்கி உட்கார்ந்துவிட்டது என்றாள்.

புஷ்பாவுக்கு முதலில் வித்யாவின் பிள்ளைதான் நினைவுக்கு வந்தான். மூன்று வயது, இவள் மாவில் சுட்ட தோசை தவிர வேறெதுவும் இறங்காது என்று அவன் அம்மா பெருமையாகச் சொல்லுவாள். "எத்தினி புள்ளைங்க துன்ச்சி" என்றாள். தண்ணீரிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"முன்னாடி இதைவிடக் குறைவாத்தான் இருந்திருக்கும் அக்கா. மெல்ல மெல்ல ஏறியிருக்கு. இன்னைக்கே நிறுத்திட்டீங்கன்னா நல்லது. டாக்டரைக் கூட்டிட்டு வந்து எல்லாரையும் பார்க்கச் சொல்லுதேன்." ஆக்னஸ் மரப்பெட்டியின் படத்தைப் போனில் எடுத்துக் காட்டினாள். "எனக்குப் புரியாதது ஒண்ணு. நடுவுல பதினாலடி களி. ஆறு துளையிலயும் பார்த்துட்டேன், ஒரு கீறல் கிடையாது. களியை மீறி மேல் தண்ணி கீழ எறங்கவே முடியாது. உங்க போர் கீழ் மணல்லதான இருக்கு? எப்படி வந்துச்சு?"

இங்கேதான் புஷ்பா அந்தத் தப்பைச் செய்தாள். புருஷன் வேலையில் குறை சொல்லுகிறாளாக்கும் என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கூட்டுக்காரரு போட்ட போர்ல கொறை வராது மேடம். மத்தவங்க மாதிரி ஒத்த ஊத்து கெடையாது. மேல ஒண்ணு, கீள ஒண்ணு, ரெண்டு ஊத்து. இந்த ஏரியாவுலயே முப்பத்தோரு வூட்ல அவுரு கைதான்."

ஆக்னஸ் எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "ரெண்டு மட்டத்துலயும் பைப்பை அறுத்தா?"

"ஆமா."

"முப்பத்தோரு வீட்டுலயும்?"

"ஆமான்றேன்."

ஆக்னஸ் உத்தமனைப் பார்த்தாள். "அண்ணே, அது உண்மையா? அப்படின்னா களியில முப்பத்தோரு ஓட்டை. மேல் தண்ணி பைப்புக்குள்ள இறங்கிக் கீழ் ஊத்துல கலக்கும். இன்னைக்கு உங்க வீடு, நாளைக்கு அடுத்த வீடு. நான் புதன்கிழமை அறிக்கை குடுக்கணும். முப்பத்தோரு போரையும் மூடச் சொல்லித்தான் எழுத முடியும்."

உத்தமன் கயிற்றைச் சுருட்டினான். புஷ்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. புஷ்பா யாரையும் முந்த விடவில்லை, தானே வாசலில் அட்டையை மாட்டினாள்: 'தண்ணீர் சரியில்லை. மாவு கிடையாது. மீதி மாவு இருந்தால் கொட்டிவிடவும்.' வித்யா வந்து அட்டையைப் படித்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "எவ்ளோ நாளா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள். புஷ்பா தெரியாது என்றாள். அது உண்மைதான், ஆனால் அதைச் சொன்ன பிறகு அவளால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கன்னியப்பன் சுவருக்கு மேலே தலையை நீட்டினான். "இன்னாக்கா, போர மூடிடுவாங்களாமே. மெட்ரோ தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ஒரு மணி நேரம் ஒழுவுது. எங்கூட்ல ஏழு பேரு. மாமே இன்னா சொல்றாரு?"

மாமே ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வீட்டில் நடந்த பெரிய கலவரம். வாயைத் திறந்தால் மூடாத மனுஷன். சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருந்தான், குழம்பு நன்றாக இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அப்படி. சனிக்கிழமை அப்படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். புஷ்பா அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவன் கோழியைக் கேட்காமலே போய்விட்டான். சுவருக்கு அந்தப்பக்கம் கன்னியப்பன் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். இருபத்து நான்கு வருஷத்தில் புஷ்பாவுக்கு அவன் மேல் கோபம் வந்திருக்கிறது, அலுப்பு வந்திருக்கிறது. பயம் வந்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் ஓடாத கிரைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அதையேதான் துடைக்கிறாள். உத்தமன் வந்து எதிரே தரையில் குந்தினான்.

"புஷ்பா."

"சொல்லு."

"முப்பத்தோரு போர்ல ரெண்டு ஊத்து இல்ல."

"இன்னாய்யா சொல்ற?"

"ஒத்த ஊத்துதான். கீள் மணல்ல மட்டுந்தான் அறுத்தேன்."

புஷ்பா துணியைக் கீழே வைத்தாள். "அப்ப ரெண்டு ஊத்துன்னு சொன்னதெல்லாம்?"

"டபாய்ச்சேன்."

"எதுக்கு?"

"கோழிக்குதான்."

அவளுக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. அவன் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிக்கொண்டே போனான். "ஆக்ஸா பிளேடுல பைப்ப அறுக்கிறது லேசில்லமே. நாலு வரிசை, வரிசைக்கு நூறு அறுப்பு. ஒரு மட்டத்துக்கே ஒரு நாள் பூடும். கை தீஞ்சிரும். கீள் ஊத்தே போதும் போதும்னு தண்ணி தருது. மண்ணுக்குள்ள போனத எவன் எட்டிப் பாக்கப் போறான்? ரெண்டுன்னு சொல்லிட்டு ஒண்ணு அறுத்து எறக்கிட்டேன். களி தானா பைப்ப கட்டிக்கும். அவனுங்களும் ரெண்டு கோழி அடிச்சானுங்க."

"அடப்பாவி. கன்னியப்பன் வூட்ல?"

"ஒண்ணுதான்."

"உன் கூடப்பொறந்தவ வூட்ல?"

"அதுவும் ஒண்ணுதான்."

"ஆக அல்லாரையும் ஏமாத்திகீற. அப்ப நம்ம வூட்டுது?"

உத்தமன் நிமிர்ந்தான். "நம்மள்து நெஜம். ரெண்டு நாளு குந்திகினு மேலயும் கீளயும் நானூறு நானூறா அறுத்தேன். கையெல்லாம் கொப்புளம். நீதான் வெளக்கெண்ண போட்டு உட்ட, கெவனம் கீதா? இந்த ஊர்லயே நான் ஏமாத்தாத ஆளு நீ ஒருத்திதான்மே. அதான் இப்பிடி ஆய்ப்போச்சு."

புஷ்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டில் எது முதலில் நின்றது என்று அவளுக்கே தெரியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத்த மேடத்தாண்ட அன்னிக்கே சொல்றதுக்கின்னா? முப்பத்தோரு வூடு தப்பிக்குமே."

"தப்பிக்கும். அப்ப களியில ஓட்ட ஒண்ணே ஒண்ணு. அது உன் வூட்டு ஓட்ட. தெருத்தண்ணியில வெசத்த எறக்குனது புஷ்பா வூட்டு போருன்னு ஆயிடும். என் பேரு போனா போவுது, எனுக்கு ஏற்கெனவே நல்ல பேரு இல்ல. உன் மாவு பேரு அப்பிடி இல்லியே. கம்முனு இருந்தா முப்பத்தோரு வூட்டோட சேத்து நம்மள்தும் ஒண்ணுன்னு பூடும். அத்த நெனைச்சேன். மூணு நாளா அதையே நெனைச்சிகினு கீறேன்."

கிரைண்டர் கல் காய்ந்து வெளுத்திருந்தது. புஷ்பா அதைப் பார்த்தாள். கன்னியப்பன் வீட்டில் ஏழு பேர். அவன் அம்மா படுத்த படுக்கை, நாளைக்கு நாலு தடவை துணி அலச வேண்டும். மெட்ரோ தண்ணி ஒரு மணி நேரம். அவள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாளோ என்னவோ.

"போன எடு. மேடத்துக்குப் போடு."

"உன் மாவு?"

"என் மாவு என் பாடு. நீ போடு மொதல்ல."

செவ்வாய்க்கிழமை ஆக்னஸ் கேமரா கொண்டுவந்தாள். கட்டைவிரல் அளவுக்கு இருந்தது, சுற்றிலும் வெளிச்சம், பின்னால் நீள ஒயர். உள்ளே பார்ப்பது வெளியே ஒரு சின்னப் பெட்டியில் படமாகத் தெரியும். முதலில் கன்னியப்பன் வீட்டுப் போரில் மோட்டார் பைப்பை உருவிவிட்டு இறக்கினாள். தெருவே கொல்லையில் நின்றது. பதினாறு அடி, பதினெட்டு அடி, இருபது அடி. பைப் வழவழவென்று போய்க்கொண்டிருந்தது.

"எங்க மாமே மேல் ஊத்து?" என்றான் கன்னியப்பன்.

உத்தமன் வேப்பமரத்தைப் பார்த்தான்.

இருபத்தாறு அடி, களி மட்டம், நாற்பது. நாற்பத்திரண்டில் அறுப்பு தெரிந்தது, நாலு வரிசை.

"கீள் ஊத்து மட்டுந்தான் கீது. அப்ப நான் குட்த்த ரெண்டாவது கோழி?"

"அத்த நானு துன்ட்டேன் மச்சான்."

கன்னியப்பன் ஆரம்பித்தான். அவன் திட்டியதை முழுக்க இங்கே எழுத முடியாது. சோமாறியில் தொடங்கி உத்தமனின் முப்பாட்டன் வரை போய்த் திரும்பி வந்தான். இருபது வருஷமாக எல்லோரிடமும் ரெண்டு ஊத்து ரெண்டு ஊத்து என்று பீற்றிக்கொண்டேனே என்றான். அப்புறம் ஆக்னஸைப் பார்த்து, "அப்ப மேடம், எங்கூட்டு போர மூட வேண்டாமா?" என்றான். வேண்டாம், மாசத்துக்கு ஒருமுறை தண்ணீரைச் சோதித்தால் போதும் என்றாள். திட்டின வாயாலேயே, "நல்லவேள ஏமாத்துன மாமே" என்றான். ஆக்னஸ் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

இன்னும் நாலு வீடு பார்த்தார்கள். எல்லாம் ஒற்றை ஊற்று. மற்றதையும் அந்த வாரத்துக்குள் பார்த்துவிடுவதாக ஆக்னஸ் குறித்துக்கொண்டாள். கடைசியாகப் புஷ்பாவின் கொல்லை. பதினேழு அடியில் வந்தது. நாலு வரிசை அறுப்பு, ஒன்றுக்கொன்று ஒரு நூல் பிசகாமல், தையல் போட்டமாதிரி சீராக. ஒவ்வொரு அறுப்பிலிருந்தும் மேல் தண்ணீர் மெல்லிசாகக் கசிந்து பைப்பின் உட்புறம் வழிந்து கீழே போய்க்கொண்டிருந்தது. புஷ்பா பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி அதையே பார்த்தாள். இருபத்து நான்கு வருஷம் குடித்திருக்கிறாள், அவன் அறுத்ததை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். இவ்வளவு அழகாக அறுத்திருக்க வேண்டாமே என்றிருந்தது அவளுக்கு. உத்தமன் பின்னால் நின்றான். அவள் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான்.

"மேல் தண்ணி இறங்குற வழி இது ஒண்ணுதான்" என்றாள் ஆக்னஸ். "இதை மூடிட்டு, கம்பெனிக்குள்ள இருக்கிற மேல் தண்ணியை இறைச்சுச் சுத்தம் பண்ணச் சொல்லி எழுதுதேன். வருஷக்கணக்கில ஆகும். ஆனா கீழ் ஊத்து பிழைச்சுக்கும்."

சனிக்கிழமை மூடினார்கள். ஆக்னஸின் ஆட்களை விடவில்லை, உத்தமனே செய்தான். கீழ் மணல் உயரத்துக்குக் கழுவின கூழாங்கல். களி மட்டத்துக்கு ஆக்னஸ் மூட்டையில் கொண்டுவந்த சாம்பல் நிறக் களிமாவு. அதைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டிப் போட வேண்டும், உள்ளே போய் ஊறி உப்பிப் பைப்பை அடைத்துக்கொள்ளும். உத்தமனின் ஆட்கள் பிசைந்தபோது கூழாகப் போயிற்று. புஷ்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பொங்குமா மேடம்?"

"ஆமா அக்கா, பல மடங்கு."

"அப்ப உளுந்து கணக்குதான். தண்ணிய ஒரேடியா ஊத்துனா கெட்டுது. தெளிச்சி தெளிச்சி உடணும். தள்ளுங்கய்யா."

புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வருஷக்கணக்கில் மாவு பிசைந்த கை. கொழுக்கட்டை அளவுக்கு உருட்டி உருட்டித் தட்டில் வைத்தாள். கன்னியப்பன் பெண்டாட்டி பொன்னியம்மாவும் வந்து எதிரில் உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தாள். உத்தமன் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, நடுநடுவே கயிற்றில் கட்டின இரும்புக் குண்டை இறக்கி மட்டம் பார்த்தான். முப்பத்தெட்டு. முப்பத்தாறு. முப்பது. இருபத்தாறில் நிறுத்திக் கயிற்றை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தான்.

"களி வந்துட்ச்சி" என்றான். அதற்கு மேலே சிமெண்ட். தரைமட்டம் வந்ததும் கையாலேயே மெழுகிவிட்டான்.

மாவு வியாபாரம் அப்படியே பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். பாதி ஃபிளாட்டுக்காரர்கள் கடையில் பாக்கெட் மாவுக்குப் போய்விட்டார்கள். புஷ்பா அவர்களைக் குறை சொல்லவில்லை. டாக்டர் வந்து எல்லோரையும் பார்த்து, பயப்படுகிற மாதிரி இப்போது ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆறு மாதம் அவள் நெஞ்சில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. கன்னியப்பன் யாரும் கேட்காமலே தன் குழாயிலிருந்து ஒரு ரப்பர் ஓஸைச் சுவருக்கு மேலே போட்டு அவள் டிரம்மில் விட்டான். ஆக்னஸ் அந்தத் தண்ணீரைச் சோதித்து, கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கொடுத்தாள். புஷ்பா அதைக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினாள். முந்நூற்றிப் பத்துச் சீட்டைக் கிழித்துப் போட்டாள். வித்யா தாளை நின்று முழுசாகப் படித்துவிட்டு, அரைக் கிலோ மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். முன்பெல்லாம் இரண்டு கிலோ.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை உத்தமன் எழுந்து பார்த்தபோது கறிக்கடைப் பை ஆணியில் இல்லை. புஷ்பாவும் இல்லை. காபி போட யாருமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தான். எட்டு மணிக்குக் கொரட்டூர்ப் பக்கமிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் காலைக் கட்டின இரண்டு நாட்டுக்கோழி, உயிரோடு. கொண்டுவந்து அவன் காலடியில் விட்டாள்.

"ஒண்ணு மேல் ஊத்துக்கு. ஒண்ணு கீள் ஊத்துக்கு."

உத்தமன் கோழியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "மூடுன போருக்காமே கோழி?"

"இந்தத் தெருவுலயே ரெண்டு கோழி வாங்குறதுக்கு யோக்கியதை உள்ள போரு அது ஒண்ணுதான்யா. வெச்சிக்கோ."

அவன் குனிந்து கோழிக் கால் கட்டை அவிழ்க்கிற பாவனையில் முகத்தை மறைத்துக்கொண்டான். சுவருக்கு மேலே கன்னியப்பன் தலை தெரிந்தது, வாயில் பிரஷ்.

"மாமே, அதுல ஒண்ணு எனுக்கு வர வேண்டியது."

"மத்தியானம் அல்லாரையும் இட்டுகினு வா" என்றாள் புஷ்பா. "கொழம்புக்குத் தண்ணி உன் ஊத்துது தானே."